தாலியைக் கழற்ற வேண்டுமா? முதல் சிடி ஸ்கேனுக்குப் போகும் அக்காவுக்கு

கேள்வி:

தங்கச்சி, எனக்கு 61 வயது. டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். சின்ன வயதில் கோயில் பாடசாலையில் படித்த தமிழ்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். 12 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் போடுகிறேன். இரண்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே மந்தமாக ஒரு வலி. சோனார் (அல்ட்ராசவுண்ட்) எடுத்துப் பார்த்தார்கள். வலது கிட்னியில் 4 சென்டிமீட்டரில் ஏதோ இருக்கிறது, என்னவென்று தெளிவாகத் தெரியவில்லை, டை ஊசி போட்டு சிடி ஸ்கேன் எடுக்கணும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சிடி எடுப்பது இதுதான் முதல் முறை. ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்டதிலிருந்து அடைத்த இடம் என்றாலே எனக்குப் படபடப்பு. என் நாத்தனார் ஸ்கேன் எடுத்த இரண்டாவது மாதமே கேன்சரில் போய்விட்டாள். அந்தக் கதிர்தான் அவளைக் கொன்றது என்று வீட்டில் சொல்கிறார்கள். இறால் சாப்பிட்டால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்; அப்படிப்பட்டவர்களுக்கு டை ஆகவே ஆகாது என்கிறார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. தாலியைக் கழற்றச் சொல்வார்களா? ஸ்கேன் தேதி தைப்பூச விரதத்துக்குள் வருகிறது, ஊசி போட்டால் விரதம் கெடுமா? உள்ளே படுத்திருக்கும்போது கரண்ட் போனால்? ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்:

அக்கா, உங்கள் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. நானும் கோயில் பின்கட்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவள்தான்; இப்போது ஆஸ்பத்திரியில் சிடி எடுக்கும் ரேடியோகிராஃபர். இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். சோனாரில்தான் பார்த்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு இன்னொன்று? இது பிடிபட்டால் மற்ற பயங்களில் பாதி தானாக அடங்கும்.

சோனார் என்பது ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியைக் கேட்பது. தெளிந்த நீர் நிரம்பிய பை என்றால் அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். பைக்குள் கொஞ்சம் கசடு, ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்புப் படிவு என்று இருந்துவிட்டால், இது நீரா சதையா என்று அதனால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் நின்றிருப்பது அந்த இடத்தில்தான்.

சிடி வேறு ரகம். எக்ஸ்ரே குழாய் உங்களைச் சுற்றிச் சுழன்று நூற்றுக்கணக்கான கோணங்களிலிருந்து கதிரை விடுகிறது; எதிர்ப்பக்கம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று அளக்கிறது. அந்த அளவுகளை வைத்துக் கம்ப்யூட்டர் உங்கள் வயிற்றின் ஒவ்வொரு பொட்டு இடத்துக்கும் ஓர் எண் போடுகிறது. தண்ணீருக்கு 0. காற்றுக்குக் கழித்தல் 1000. கொழுப்புக்குச் சுமார் கழித்தல் 100. எலும்பு பல நூறுகளில் இருக்கும், சில இடத்தில் ஆயிரத்தையும் தாண்டும். திரையில் கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரிவது உண்மையில் இந்த எண்களின் வரிசை. ஆக, உங்கள் 4 சென்டிமீட்டர் சமாச்சாரத்தின் மேல் அம்புக்குறியை வைத்தால் ஓர் எண் வரும். 0-க்கும் 20-க்கும் நடுவில் என்றால் அநேகமாக நீர்ப்பை.

சரி, அப்படியானால் டை எதற்கு? சதைக்கு ரத்தம் வேண்டும், நீர்ப்பைக்கு வேண்டாம். டை ரத்தத்தோடு சேர்ந்து ஓடும். கட்டி என்றால் அது டையைக் குடித்து, எண் ஏறிவிடும். டைக்கு முன்பு இருந்ததைவிட 20-க்கு மேல் கூடினால், படத்தைப் படித்துச் சொல்லும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் நிமிர்ந்து உட்காருவார். நீர்ப்பை என்றால் டை போடுவதற்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரே எண். அதனால்தான் கிட்னிக்கு முதலில் டை இல்லாமல் ஒருமுறை, டை போட்டு ஒருமுறை, சில சமயம் கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை என்று எடுப்போம். கட்டில் திரும்பத் திரும்ப உள்ளே போய் வரும். "ஐயோ, ஏதோ பெரிசாகப் பார்த்துவிட்டார்கள் போல, அதான் மறுபடியும் எடுக்கிறார்கள்" என்று படுத்த இடத்திலேயே கதை கட்டாதீர்கள். என்னிடம் வருகிற பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

இந்த வித்தையில் நம் தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு பங்கு உண்டு, தெரியுமா? 1924-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கோர்மாக் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே க்ரூட் ஸ்கியூர் ஆஸ்பத்திரியில் கதிரியக்கப் பொருள்களைக் கவனித்துவந்த இயற்பியலாளர் வேலையை விட்டுவிட்டார். அப்படி ஒருவர் இல்லாமல் அவற்றைக் கையாளக் கூடாது என்பது சட்டம். எனவே 1956-இல் வாரத்துக்கு ஒன்றரை நாள் கோர்மாக் அங்கே போய் உட்கார்ந்தார். கேன்சருக்குக் கதிர் கொடுக்கும்போது உடம்பு முழுக்க ஒரே சீரான பொருள் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்களே, நுரையீரலும் எலும்பும் ஒன்றா என்று அவருக்கு உறுத்தியது. உள்ளே எங்கே எவ்வளவு அடர்த்தி என்பதை வெளியிலிருந்தே அளந்துவிட முடியுமா? ஒரு வட்ட அலுமினியத் துண்டு, அதைச் சுற்றி மர வளையம், ஒரு கோபால்ட் கதிர்மூலம், இவ்வளவுதான் சாமான். கணக்கு அழகாக வந்தது. நட்டநடுவில் மட்டும் சின்னதாக ஓர் இடறல். தன் கணக்கில்தான் கோளாறோ என்று அவர் பட்டறையில் போய் விசாரித்தால், அந்தத் துண்டின் நடுவில் கிட்டத்தட்டச் சுத்த அலுமினியத்தில் ஒரு முளை இருந்ததாம். சுற்றிலும் இருந்தது கலப்பு உலோகம். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்தை, வெட்டாமல் பிளக்காமல், கணக்கு கண்டுபிடித்துவிட்டது.

அவர் 1963-லும் 1964-லும் எழுதிய கட்டுரைகளை அநேகமாக யாரும் சீண்டவில்லை. வந்த சில விசாரிப்புகளில் ஒன்று, பனிச்சரிவை ஆராயும் சுவிட்சர்லாந்து மையத்திலிருந்து! இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு தனி வழியில் மெஷினைக் கட்டி, 1971-இல் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1979-இல் இருவருக்கும் சேர்த்து நோபல். நான் சொன்ன அந்த எண்களுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு பேர்தான் வைத்திருக்கிறது. எனக்கென்னவோ கோர்மாக்கின் முளைதான் பிடித்தம். உங்கள் கிட்னியிலும் நாங்கள் தேடப்போவது அதையேதான்: நடுவில் இருக்கும் அந்தத் துண்டு எதனால் ஆனது?

இனி அறைக்குள் வாருங்கள். நீங்கள் மனதில் வைத்துப் பயப்படுவது நீளமான குழாய், டம் டம் என்று சத்தம், அரை மணி நேரம், அப்படித்தானே? அது எம்ஆர்ஐ, காந்தத்தால் படம் எடுக்கும் வேறு மெஷின். சிடி மெஷின் ஒரு பெரிய உளுந்து வடையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். ஓட்டையின் அகலம் 70 முதல் 80 சென்டிமீட்டர், முன்னும் பின்னும் திறப்பு. வயிற்று ஸ்கேனுக்குப் பல இடங்களில் கால் பக்கம் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். "எனக்கு அடைத்த இடம் ஆகாது, கால் பக்கமாக அனுப்ப முடியுமா" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமே இல்லை. படம் எடுக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் சில விநாடி. ஹவுன்ஸ்ஃபீல்டு ஆய்வுக்கூடத்தில் எடுத்த முதல் படத்துக்கு 9 நாள் பிடித்ததாம். உங்களுக்கு வயிறு முழுக்க 10 விநாடிக்குள் முடிந்துவிடும். ஊசி குத்துவது, சரியாகப் படுக்கவைப்பது எல்லாம் சேர்த்துக் கால் மணி முதல் அரை மணி.

கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வார்கள். தோள்பட்டை பிடிப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டால் தலையணை வைப்பார்கள். பாதியில் கையை இறக்கினால் அந்தப் படம் வீண். அப்புறம் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்துவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மைக் திறந்திருக்கும். முனகினாலும் கேட்கும்.

அந்தச் சில விநாடியில் உங்கள் வேலை ஒன்றே ஒன்று, மூச்சு. நீங்கள் மூச்சு இழுத்து விடும்போது கிட்னி மேலும் கீழுமாக நகர்கிறது. முதல் தடவை நெஞ்சு நிறைய இழுத்து, அடுத்த தடவை பயத்தில் அரை மூச்சோடு நிறுத்தினால், இரண்டு படத்திலும் அந்த 4 சென்டிமீட்டர் ஒரே இடத்தில் இருக்காது. எனவே ரொம்ப ஆழமாக வேண்டாம், நிதானமான ஒரு மூச்சு, எல்லாத் தடவையும் ஒரே அளவு. இன்றைக்கே கட்டிலில் படுத்து 15 எண்ணும் வரை பிடித்துப் பழகுங்கள். கட்டளை ஆங்கிலத்தில் பதிவான குரலாக வரும். ஜூலு பேசுகிறவர்களுக்கு நாங்களே மைக்கில் "உங்கபெஃபுமூலி" என்போம், மூச்சு விடாதே என்று அர்த்தம். நான் ஒருமுறை எங்கள் மெஷினில் "மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, இப்ப விடுங்க" என்று தமிழில் பதிவு செய்து வைத்தேன். சகாக்கள் சிரித்தார்கள். இத்தனை வருடத்தில் அது இரண்டு பாட்டிகளுக்குத்தான் பயன்பட்டது. அதில் ஒருவர் "யார் உள்ளே பேசறது, நம்ம பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடிக்கவே மறந்துபோனார்.

இப்போது டை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் முதல் பெரிய தப்பு இதில்தான் நடந்தது. 20 வருடத்துக்கு முன், பயிற்சி மாணவியாக சிடி அறையில் எனக்கு இரண்டாவது வாரம். டோங்காட்டிலிருந்து ஒரு தாத்தா வந்திருந்தார். பேர் கேட்டேன், அலர்ஜி கேட்டேன், மூச்சுப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் சொல்ல மறந்தேன். டை ஏற ஆரம்பித்து அரை நிமிஷம் இருக்காது, தாத்தா துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த ஊசி இழுபட்டுவிட்டது, படம் முழுக்கக் கலங்கல். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சுக்கோம்மா, கட்டிலை நனைச்சிட்டேன்" என்றார். கட்டில் காய்ந்துதான் இருந்தது. ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்த மனிதரை வேறொரு நாள் மறுபடி வரவழைத்து, மறுபடி குத்தி, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

அந்த டை உள்ளே போனதும் தொண்டையில் ஆரம்பித்து நெஞ்சு, அடிவயிறு என்று ஒரு சூடு இறங்கும். அடிவயிற்றுக்கு வந்ததும் சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். போயிருக்காது. நாக்கில் செப்புக் காசை வைத்த மாதிரி ஒரு ருசி வரும். அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும். சில வருடம் கழித்துக் குடல்வால் சந்தேகத்தில் நானே அந்தக் கட்டிலில் படுத்தேன். ஆயிரம் பேருக்குச் சொன்னவள்தான், இருந்தாலும் முடிந்ததும் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

டை என்று பேர்தானே தவிர அதில் நிறமே கிடையாது, தண்ணீர் மாதிரி இருக்கும். அதில் இருக்கும் அயோடின் எக்ஸ்ரேயைத் தடுப்பதால் ரத்தக்குழாய்கள் படத்தில் வெள்ளையாகத் தெரிகின்றன. முழங்கை மடிப்பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாய் சொருகி, ஏறக்குறைய 100 மில்லி மருந்தை மெஷின் மூலமாக வேகமாக ஏற்றுவார்கள். குத்துவது சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். (கன்னத்தில் அலகு குத்தும்போது கண் சிமிட்டாத நம் ஆட்கள் இந்த ஊசியைப் பார்த்து மயங்கி விழுவதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!) உடம்பெல்லாம் சூடு பரவினால் பரவாயில்லை. ஊசி இருக்கும் இடத்தில் மட்டும் எரிச்சலோ வீக்கமோ வந்தால், மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிகிறது என்று அர்த்தம். அப்போது பொறுமையாக இருக்காதீர்கள், கத்துங்கள். நம் பெண்களுக்கு வலியைப் பொறுத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் ஒன்று இருக்கிறது.

இறால் விஷயம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னதை நான் படித்த காலத்தில் ஆஸ்பத்திரியிலேயே நம்பினவர்கள் உண்டு. இறாலில் அயோடின், டையிலும் அயோடின், எனவே இரண்டும் ஒன்று என்ற கணக்கு. ஆனால் உங்களை அரிக்க வைப்பது இறால் சதையில் இருக்கும் ஒரு புரதம். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படிவத்தில் எழுதுங்கள், ஆனால் அதற்காக ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். உண்மையில் நாங்கள் கேட்க விரும்புவது வேறு: முன்பு எப்போதாவது டை போட்டு ஒத்துக்கொள்ளாமல் போனதா? ஆஸ்துமா இருக்கிறதா? உங்களுக்கு இது முதல் முறை, அதனால் முதல் கேள்விக்கு இடமில்லை. ஆஸ்துமா பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் இருந்திருந்தால்கூடச் சொல்லுங்கள். அரிப்பு, தடிப்பு சிலருக்கு வரும், மருந்து கொடுத்தால் அடங்கும். கடுமையான ஒவ்வாமை அபூர்வம், அதற்கான மருந்து அந்த அறையிலேயே இருக்கும். ஸ்கேன் முடிந்ததும் கையில் குழாயோடு கால் மணி, இருபது நிமிஷம் உட்கார வைப்பது இதற்காகத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கழற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்தது மெட்ஃபார்மின். நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு எது? எனவே இந்தக் கேள்வி எங்களுக்குத் தினமும் வரும். டை வெளியேறுவது கிட்னி வழியாக. கிட்னி ஏற்கெனவே ரொம்பப் பலவீனமாக இருந்தால், டைக்குப் பிறகு அது இன்னும் தடுமாறினால், மெட்ஃபார்மின் உடம்பில் தங்கிவிடும், அதுதான் கவலை. அதனால் முன்கூட்டியே ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு எவ்வளவு என்று பார்த்து, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று ஓர் அளவு போடுவார்கள். அந்த வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே என்றால் மாத்திரையை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிட்னியைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குவார்கள். 30-க்கு மேல் என்றால் இன்றைய வழிகாட்டுதல்கள் பல நிறுத்தச் சொல்வதில்லை. ஆனால் சில இடங்களில் இன்னும் எல்லோருக்கும் நிறுத்துவது வழக்கமாக இருக்கிறது. அங்கே என்ன சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். அந்த ரத்தப் பரிசோதனை நடந்ததா என்று கடிதத்தில் இல்லை. நடக்கவில்லை என்றால் நாளைக்கே கிளினிக்கில் கேளுங்கள், ஸ்கேன் நாளன்று வாசலில் நின்றுகொண்டு கேட்டால் உங்களைத் திருப்பி அனுப்பவும் கூடும்.

நாத்தனார் பற்றி எழுதியிருந்த வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒருவர் அப்படிப் போனால் எதையாவது காரணமாகப் பிடித்துக்கொள்ளத்தான் மனம் தேடும். ஆனால் அக்கா, கதிரால் ஒரு கேன்சர் வருவதென்றால் அதற்கு வருடக்கணக்கில் ஆகும், அநேகமாகப் பத்து வருடம், அதற்கும் மேல். இரண்டு மாதத்தில் வராது. அவரைக் கொண்டுபோன நோய், அவர் அந்தக் கட்டிலில் ஏறும்போதே உள்ளே இருந்தது. ஸ்கேன் அதைப் பார்த்தது, அவ்வளவுதான். பார்க்கத் தாமதமாகிவிட்டது என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், பார்த்ததால் போனார் என்றால் ஒத்துக்கொள்ள முடியாது.

அதற்காகக் கதிர் ஒன்றுமே செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் எல்லோருக்கும் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் அளவு கதிர் படுகிறது. வயிறு முழுக்க ஒருமுறை சிடி எடுத்தால் சுமார் 8 முதல் 10. அதாவது இயற்கை மூன்று நான்கு வருடத்தில் கொடுப்பதை ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு மூன்று தடவை எடுப்பதால் அதற்கேற்பக் கூடும். 10 மில்லிசீவர்ட்டுக்கு 2000 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக உயிர் பறிக்கும் கேன்சர் வரலாம் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு. 61 வயதில் அந்த ஆபத்து இளைஞர்களைவிடக் குறைவு. 4 சென்டிமீட்டரில் என்னவென்று தெரியாத ஒன்றைக் கிட்னியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதோடு ஒப்பிட்டால், என் சொந்த அக்காவாக இருந்தாலும் எடு என்றுதான் சொல்வேன். காரணமே இல்லாமல், "எதற்கும் ஒருமுறை உடம்பு முழுக்க எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று யாராவது கிளம்பினால் அவர்களைத் தடுக்கிற முதல் ஆளும் நான்தான்.

தாலி. கழற்ற வேண்டிய கட்டாயம் அநேகமாக வராது. எம்ஆர்ஐ மாதிரி இங்கே காந்தம் கிடையாது, எனவே ஆபத்து ஒன்றும் இல்லை. உலோகம் படம் எடுக்கும் பகுதியில் இருந்தால் நட்சத்திரம் வெடித்தது போலக் கோடுகள் விழுந்து பக்கத்தில் இருப்பதை மறைத்துவிடும், பிரச்சினை அது மட்டும்தான். உங்களுக்கு எடுப்பது வயிறு. தாலிச் சங்கிலி நீளமாக வயிறு வரை தொங்கினால், மேலே இழுத்துக் கழுத்துப் பக்கம் சுருட்டி வைக்கச் சொல்வார்கள். மூக்குத்தி, தோடு, வளையல் அப்படியே இருக்கட்டும். நாங்கள் உண்மையில் திண்டாடுவது ஊக்கோடு. ரவிக்கைக்குள் ஒன்று, பாவாடை நாடாவில் ஒன்று, முந்தானையில் ஒன்று, எல்லாம் எடுத்தாச்சு என்று சொன்ன பிறகும் திரையில் ஒன்று மின்னும். ஜரிகைச் சேலை வேண்டாம். கொக்கி, ஜிப் இல்லாத பருத்தி உடுப்பு நல்லது, இல்லாவிட்டால் கவுன் கொடுப்பார்கள்.

விரதம் கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஊசிக்காரி, பூசாரி இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: டை ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்து, அதில் அசைவம் எதுவும் கிடையாது. கிட்னி நன்றாக வேலை செய்தால் ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும், அதற்கப்புறம் காவடி எடுக்க அதனால் ஒரு தடையும் இல்லை. எனக்குக் கவலை வேறு. ஒருவேளைச் சாப்பாட்டு விரதம், மேலே சர்க்கரை மாத்திரை, ஸ்கேனுக்காகச் சில மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது, போதாக்குறைக்கு டர்பனின் தை மாதப் புழுக்கம், இது நான்கும் ஒரே நாளில் சேரக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அபூர்வம். கூட வேறு மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் நிச்சயம் டாக்டரிடம் விரதத்தைச் சொல்லிவிடுங்கள். காலையில் முதல் ஆளாக எடுக்கக் கேளுங்கள். தண்ணீரை மட்டும் விடாதீர்கள், வேண்டாம் என்று அவர்களே சொன்னால் தவிர. முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தால் நரம்பும் சீக்கிரம் கிடைக்கும். விரதத்துக்காகத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், அரசு ஆஸ்பத்திரி வரிசையில் இன்னொரு தேதி எப்போது கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கரண்ட் போனால் எக்ஸ்ரே அந்த நொடியே நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் உண்டு. கட்டிலைக் கையாலேயே வெளியே இழுத்துவிடுவோம். லிஃப்ட் மாதிரி மூடிக்கொள்ளக் கதவே அதில் இல்லையே.

முடிவு உடனே கையில் வராது. ரேடியோகிராஃபரின் முகத்தைப் பார்த்துப் படிக்க முயலாதீர்கள், எங்களுக்கு முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்ளப் பழக்கம் உண்டு. ரேடியாலஜிஸ்ட் அத்தனை படத்தையும் பார்த்து எழுதி டாக்டருக்கு அனுப்புவார். கிட்னி நீர்ப்பை என்றால் ரிப்போர்ட்டில் "போஸ்னியாக்" என்று ஒரு சொல்லும் பக்கத்தில் ஒரு ரோமன் எண்ணும் இருக்கும். மார்ட்டன் போஸ்னியாக் என்ற ரேடியாலஜிஸ்ட் 1986-இல் போட்ட வகைப்பாடு அது. 1, 2 என்றால் விட்டுவிடலாம், பின்தொடரக்கூட வேண்டாம். 2எஃப் என்றால் அவ்வப்போது பார்த்துக்கொண்டு இருப்பார்கள். 3, 4 என்றால் சிறுநீரக அறுவை டாக்டரிடம் பேச்சு. ஐம்பது வயதுக்கு மேல் சாதாரண நீர்ப்பை ரொம்பப் பேருக்கு இருக்கிறது, எனவே ரிப்போர்ட்டில் கல்லீரலிலோ இடது கிட்னியிலோ இன்னொன்று எழுதியிருந்தாலும் அன்றிரவே இன்டர்நெட்டில் தேட உட்காராதீர்கள்.

மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். நாத்தனார் கதையை அவளும் கேட்டு வளர்ந்தவள்தானே, ஸ்கேன் முடிந்து வேறு யார் வாயிலாகவோ தெரியவந்தால் அவள் எதை நினைத்துக்கொள்வாள்? மயக்க மருந்து எதுவும் கிடையாது, தனியாகப் போய்த் தனியாக வரலாம், அது வேறு. ஆனால் டாக்டர் ரிப்போர்ட்டைச் சொல்லும் நாளில் ஃபோனிலாவது அவள் கூட இருக்கட்டும். இரண்டு பேர் கேட்டால்தான் டாக்டர் சொன்னது முழுதாக வீடு வந்து சேரும்.

ஒரு பையில் டாக்டர் எழுதிய தாள், சோனார் ரிப்போர்ட், கிரியேட்டினின் முடிவு, கிளினிக் அட்டை, போடுகிற எல்லா மாத்திரையின் டப்பாக்கள். முடிந்ததும் சாப்பிட ஏதாவது. அப்புறம் ஒரு ஸ்வெட்டர். இந்த வெயிலில் ஸ்வெட்டரா என்று சிரிக்க வேண்டாம். மெஷின் சூடாகக் கூடாது என்று அந்த அறையில் ஏசியைக் குறைக்கவே மாட்டார்கள். ஜிப் வைத்ததாக மட்டும் எடுத்து வந்துவிடாதீர்கள்.